ரீடிங் ரோட்டில் பிரார்த்தனை நேரம்

புது தில்லியில் இன்று மந்திர் மார்க் என்று பலகை தொங்கும் சாலையை என் அப்பா கடைசிவரை ரீடிங் ரோடு என்றேதான் சொல்லிவந்தார். 1921 முதல் 1926 வரை வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவின் பெயர் அது. அப்பா 1944இல் கும்பகோணத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, கோல் மார்க்கெட் பக்கம் ஒரு குவார்ட்டர்ஸில் நாலு பேரோடு ஒண்டிக்கொண்டு, செக்ரடேரியட்டில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவர். நானும் அதே வேலைக்குப் போய், அதே கட்டடத்திலிருந்து ரிடையர் ஆனவள். அதனால் இந்தச் சாலையின் கதையைக் கோயில் கதையாகச் சொல்ல எனக்கு வராது. ஆபீஸ் கதையாகத்தான் வரும்.

ஒரு வகையில் அதுதான் நியாயமும்கூட. இங்கே இன்று கூட்டம் கூடும் பெரிய கட்டடங்களில் எதற்கும் நூறு வயசுகூட ஆகவில்லை. ஸ்தல புராணம் கிடையாது, பாடல் பெற்ற பெருமை கிடையாது. 1911 டிசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். கோப்புகள் கிளம்பின, கோப்புகளின் பின்னால் குமாஸ்தாக்கள் கிளம்பினார்கள். வெயில் காலத்தில் அரசாங்கம் மொத்தமும் சிம்லாவுக்கு ஏறும், குளிருக்கு இறங்கும். கூடவே குடும்பங்களும் ஏறி இறங்கின. 1931இல் புது தில்லியை முறைப்படி திறந்துவைத்தபோது பெரிய துரைகளுக்கு வைஸ்ராய் மாளிகையை ஒட்டி பங்களாக்கள். இந்தியக் குமாஸ்தாக்களுக்கு வடக்கே தள்ளி, கோல் மார்க்கெட்டைச் சுற்றிக் குவார்ட்டர்ஸ். அதற்கும் அப்பால், மேடும் புதருமாகக் கிடந்த ரிட்ஜ் காட்டின் ஓரத்தில், இந்த ஊரைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறவர்களின் குடியிருப்பு. ரீடிங் ரோடு ஓடியது இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே.

வங்காளிக் குமாஸ்தாக்களுக்குக் காளி இல்லாமல் முடியாது. 1930களில் காளிபாடி எழும்பியது. அவர்கள் பிள்ளைகள் படிக்க ரைசினா பெங்காலி பள்ளி. நம்மவர்கள் வழக்கப்படி முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் யோசித்தார்கள். 1923இல் மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் என்று தொடங்கி, பின்னால் தில்லி தமிழ்க் கல்விக் கழகம் ஆனதே, அதன் பள்ளிகளில் ஒன்று இன்றும் இதே சாலையில் இருக்கிறது. வால்டர் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த செங்கல் தேவாலயம் ஒன்று உண்டு, செயின்ட் தாமஸ் பெயரில். பிரிவினைக்குப் பிறகு லாகூர் அனார்கலியிலிருந்து ஓர் ஆரிய சமாஜமும் வந்து சேர்ந்தது. எல்லாச் சாமியும் இங்கே டிரான்ஸ்பரில் வந்த சாமிதான்.

பிர்லா மந்திர் என்று ஊரே அழைக்கும் லட்சுமிநாராயணன் கோயிலை 1933இல் தொடங்கி 1939 வரை கட்டினார்கள். பக்கத்திலேயே மகாபோதி சங்கத்தின் புத்த விகாரம். கோயிலை 1939 மார்ச்சில் காந்தி திறந்துவைத்தார், ஒரு நிபந்தனையின் பேரில்: எந்தச் சாதியாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்றார். இதைப் படிக்கும்போது எனக்கு மதுரை நினைவுக்கு வரும். அதே வருஷம் ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். இரண்டுக்கும் நடுவே நாலு மாசம்கூட இல்லை. ஆனால் மதுரையில் ஆயிரம் வருஷ வழக்கத்தை முறிக்க வேண்டியிருந்தது. இங்கே சிமென்ட் காய்வதற்குள் நிபந்தனை போட்டுவிடலாம். புதுக் கோயிலின் சௌகரியம் அது.

கோயிலைத் திறந்துவைத்த காந்தி, ஏழு வருஷம் கழித்து இந்தச் சாலைக்குக் குடியே வந்துவிட்டார். 1946 ஏப்ரல் 1ஆம் தேதி. பிர்லாவின் கோயிலுக்கு இல்லை. வடக்கே பஞ்ச்குயியான் ரோடு பக்கம், துப்புரவுத் தொழிலாளிகளின் குடியிருப்பில் இருக்கும் வால்மீகி கோயிலுக்கு. அன்றைய பத்திரிகைகள் பங்கி காலனி என்று எழுதின. இன்று வால்மீகி பஸ்தி. 1947 ஜூன் 10 வரை, நவகாளிக்கும் பீகாருக்கும் போய்வந்த காலம் நீங்கலாக, 214 நாள் அவர் இங்கே தங்கியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். கேபினட் மிஷன் வந்திருந்த சமயம். கிரிப்ஸ் போன்ற பிரிட்டிஷ் மந்திரிகள் கார் ஏறி இந்தச் சேரிக்கு வந்து, தரையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். ஒரு நாட்டின் கைமாற்றம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் நடுவே விடியற்காலைப் பிரார்த்தனை, ராட்டை, சாயங்காலப் பிரார்த்தனை, பஸ்திப் பிள்ளைகளுக்குப் பாடம். எந்த மந்திரி வந்திருந்தாலும் மணி ஆனால் பிரார்த்தனைக்குப் போயாக வேண்டும்.

அப்பா அந்தச் சாயங்காலக் கூட்டங்களுக்கு ஆபீஸ் விட்டு சைக்கிளில் போவார். பக்தி என்று சொல்ல முடியாது. அவருக்கு 120 வேகப் பரீட்சை பாக்கி இருந்தது. காந்தி பிரார்த்தனை முடிந்ததும் கொஞ்சம் பேசுவார்; நிதானமாகப் பேசுவார்; ஒலிபெருக்கியும் உண்டு. சுருக்கெழுத்துப் பழக இதைவிட நல்ல இலவச வகுப்பு எங்கே கிடைக்கும்? சிக்கல் என்னவென்றால் காந்தி பேசியது ஹிந்துஸ்தானி, அப்பாவுக்கு ஹிந்தி காய்கறிக் கடைக்கு மேல் கிடையாது. ஆனால் பிட்மன் சுருக்கெழுத்து ஒலியைத்தானே எழுதுகிறது? அர்த்தம் தெரியாமலே எழுதிக்கொண்டு வந்துவிடலாம். மெல்லிய கோடு போட்டால் ஒரு ஒலி, அதையே அழுத்திப் போட்டால் அதன் கனத்த ஒலி, பக்கத்தில் புள்ளி வைத்தால் உயிர். மறுநாள் மத்தியானம் டிபன் வேளையில் பக்கத்து மேஜை பனாரஸ்காரரிடம் அதை ஒலி ஒலியாக வாசித்துக் காட்டுவாராம். அவர் இங்கிலீஷில் அர்த்தம் சொல்லுவாராம். காந்தியின் பேச்சு அப்பாவுக்கு எப்போதும் ஒருநாள் தாமதமாகத்தான் புரிந்தது.

பிரார்த்தனையின் அமைப்பு மட்டும் அவருக்கு மனப்பாடம். ஜப்பானியப் பௌத்தர்களின் மந்திரம், ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முதல் சுலோகம், குர்ஆனிலிருந்து ஒரு பகுதி, பார்சிகளின் அவெஸ்தாவிலிருந்து ஒன்று, ஒரு பஜனைப் பாட்டு, கடைசியில் தாளத்தோடு ராம்துன். கீதையின் இரண்டாம் அத்தியாயக் கடைசி 19 சுலோகங்களும் ஆசிரமப் பிரார்த்தனையில் நிரந்தரமானவை. மனசு நிலைத்தவன் எப்படிப் பேசுவான், எப்படி உட்காருவான், எப்படி நடப்பான் என்று அர்ஜுனன் கேட்கும் இடம். கவனியுங்கள், கேள்வி முழுக்க அன்றாடக் காரியங்களைப் பற்றியது.

சபர்மதி ஆசிரமத்தில் சாயங்காலப் பிரார்த்தனை முடிந்ததும் பேர் கூப்பிடுவார்களாம். ஒவ்வொருவரும் அன்றைக்கு எவ்வளவு நூல் நூற்றேன் என்று சொல்ல வேண்டும். இதைக் கேள்விப்பட்டபோது அப்பாவுக்குப் பரம சந்தோஷம். "அட, சாமி கும்பிட்ட கையோடு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரும் முடிஞ்சுடறதே!" என்பார். அவர் கேலியாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தியானம் என்றால் கணக்கு வழக்கை மறந்து உட்காருவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காந்தியோ கணக்கையே தியானத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். நூல் அறுந்தால் மனம் வேறெங்கோ போயிருக்கிறது என்று விரலுக்கே தெரியும்.

காந்தி திங்கட்கிழமைதோறும் மௌனம். அதைச் சாமியார் மௌனமாக எண்ண வேண்டாம். கட்டுரை எழுதவும் குவிந்த கடிதங்களுக்குப் பதில் போடவும் வாரத்தில் ஒரு நாளாவது வாய்க்கு ஓய்வு தேவைப்பட்டது. வேலைக்காக வந்த ஏற்பாடு நாளாவட்டத்தில் விரதமாகிவிட்டது. அவசர விஷயமாகப் பெரிய பதவியில் இருப்பவர்களிடமும், நோயாளிகளிடமும் பேசலாம் என்று இரண்டு விலக்கு மட்டும் வைத்திருந்தார்.

1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. அன்று காலை மவுன்ட்பேட்டன் கட்சித் தலைவர்களைக் கூட்டிப் பிரிவினைத் திட்டத்தைக் கையில் கொடுத்திருந்தார். அடுத்தபடி காந்தியைப் பார்க்க வேண்டும். பிரிவினைக்கு எதிராகப் பகிரங்கமாக வாயைத் திறந்துவிட்டால் எல்லாம் கெட்டது என்ற பயம் வைஸ்ராய்க்கு. காந்தி வந்தார், உட்கார்ந்தார், உதட்டில் விரலை வைத்தார். மவுன்ட்பேட்டனுக்கு உயிர் வந்தது. வைஸ்ராய் பேசப் பேச, காந்தி பென்சிலால் பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் பதில் எழுதினார். பேச முடியாததற்கு வருத்தம் என்றும், தான் வைத்துக்கொண்ட விலக்குகள் இன்னின்ன என்றும், ஆனால் இன்று மௌனத்தைக் கலைப்பதை நீங்களே விரும்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும் என்றும் அதில் எழுதியிருந்தார். கடைசியில் சொன்னதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விலக்கு அவரிடமே இருந்தது. வைஸ்ராயைவிடப் பெரிய பதவி எது, அன்றைக்கு இருந்ததைவிட அவசரம் எது? பேசியிருக்கலாம். பேசவில்லை. எதிராளியின் மனசைப் படித்துவிட்டு, அவனுக்குத் தெரியும்படியே வாயை மூடிக்கொண்டார். அது தியானமா, துக்கமா, ராஜதந்திரமா என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். எழுதிப் பிழைத்த எனக்கு அந்த உறைகள்தான் கண்ணில் நிற்கின்றன. அவற்றை மவுன்ட்பேட்டன் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

பஸ்தி வாசத்தை நான் புனிதப்படுத்தப் போவதில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரி மார்கரெட் போர்க்-வைட் அந்த நாளில் இந்தியாவில் இருந்தவர். காந்தி வருவதற்காகச் சேரியின் ஒரு பகுதி ஜனங்களை அப்புறப்படுத்தி, குடிசைகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள் என்று எழுதியிருக்கிறார். மேலதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்றால் செக்‌ஷனில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1945இல், அம்பேத்கர் இன்னும் அடியில் கை வைத்திருந்தார். மலம் அள்ளும் தொழிலை உன்னதமான சேவை என்று புகழ்வது அந்தத் தொழிலில் பிறந்தவனை அதிலேயே கட்டிப்போடும் தந்திரம் என்பது அவர் வாதம். இதற்குக் காந்தி பக்தர்கள் சொல்லும் பதில், அவர் தன் ஆசிரமத்தில் தானே கக்கூஸ் கழுவினார் என்பது. உண்மைதான், கழுவினார். ஆனால் தானாக எடுத்துக்கொண்ட துடைப்பமும் பிறப்பிலேயே கையில் திணிக்கப்பட்ட துடைப்பமும் ஒன்றாகுமா? வேலையே வழிபாடு என்று பேசுகிற எவரும் யாருடைய வேலை, யார் சொல்வது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பிரார்த்தனையும் தடங்கலில்லாமல் நடந்துவிடவில்லை. 1947 ஏப்ரல் தொடக்கத்தில் குர்ஆன் பகுதி வாசிக்கத் தொடங்கியதும் ஒருவர் எழுந்து, இந்துக் கோயிலில் இதை ஓதக் கூடாது என்றார். பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். கூட்டம் அவரைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தது. காந்தி தடுத்தார். ஒருவர் ஆட்சேபித்தாலும் பிரார்த்தனை கிடையாது என்று நிறுத்திவிட்டார். மூன்று நாள் இப்படியே போயிற்று. நாலாவது நாள் யாரும் எழுந்திருக்கவில்லை. முழுப் பிரார்த்தனையும் நடந்தது. குர்ஆனை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நடத்தியிருக்கலாம். பெரும்பான்மை இருக்கிறதென்று ஓதியும் இருக்கலாம். ஒரு மணி நேரப் பிரார்த்தனையை அவர் எவ்வளவு பெரிய காரியமாக எடுத்துக்கொண்டார் என்பது இந்த மூன்று நாளில் தெரிகிறது. அப்பாவின் நோட்டில் அந்த மூன்று நாளுக்கும் தேதி மட்டும் போட்டிருக்கும்.

இதே சாலையில்தான் இந்து மகாசபை பவனும். 1948 ஜனவரி 20ஆம் தேதி காந்தியைக் கொல்ல நடந்த முதல் முயற்சிக்கு வந்தவர்களில் சிலர் அங்கேதான் தங்கினார்கள். அன்று காலை பவனுக்குப் பின்னால் இருந்த காட்டில் ரிவால்வர்களைச் சுட்டுப் பார்த்தார்கள். அந்தக் காடுதான் பிர்லா கோயிலின் முதுகுப்புறமும். காந்தி அப்போது பஸ்தியில் இல்லை. 1947 செப்டம்பரில் கல்கத்தாவிலிருந்து திரும்பியபோது ஷாதராவில் பட்டேல் வந்து அழைத்துப் போனார். பஸ்தி முழுக்க அகதிகள் நிறைந்துவிட்டார்கள், பிர்லா மாளிகைக்குத்தான் போக வேண்டும் என்றார். மிச்சத்தை ஊர் அறியும்.

அதற்குப் பிறகு கோல் மார்க்கெட் குமாஸ்தாக்களின் ஆன்மிகம் அடக்கமாகிவிட்டது. பஞ்ச்குயியான் ரோட்டைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பஹார்கஞ்சில் ராமகிருஷ்ணா மிஷன். 1949 முதல் 1962 வரை சுவாமி ரங்கநாதானந்தர் அதன் பொறுப்பில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் அவர் பேச்சுக்கு இடம் பிடிக்க முன்கூட்டியே போக வேண்டும். செக்ரட்டரியும் வருவார், அவருடைய ஸ்டெனோவும் வருவார், ஒரே ஜமக்காளம். குடும்பத்தைவிட்டு ஓடச் சொல்லாத சாமியார் என்று அம்மாவுக்கு அவரிடம் தனி மதிப்பு. வேதாந்தத்தை மேஜை வேலைக்குப் பொருத்திச் சொல்லுவார் என்பது அப்பாவின் மதிப்பு. குவார்ட்டர்ஸில் ராதா கல்யாணம், பஜனை. ஆர்.கே.புரத்தில் மலை மந்திருக்கு 1973இல் கும்பாபிஷேகம் ஆகும்வரை எங்களுக்கென்று முருகனுக்குப் பெரிய இடம் கிடையாது.

என் செக்‌ஷனில் ஆயுத பூஜை உண்டு. விதிப்படி கிடையாது, வழக்கப்படி உண்டு. ரெமிங்டன் டைப்ரைட்டரின் மூடியைக் கழற்றி, எழுத்து அச்சுகளில் அடைந்திருக்கும் ரிப்பன் மையைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுத்து, உருளையை ஸ்பிரிட் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பேன். 'ஓ'வும் 'இ'யும்தான் அதிகம் அடைத்துக்கொள்ளும்; அவற்றின் வட்டத்துக்குள் ஊசி விட்டு எடுக்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இயந்திரத்தை நான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அண்டர் செக்ரட்டரி ஒரு சர்தார்ஜி. பொரிகடலைக்குக் கையை நீட்டிக்கொண்டு முதலில் வருவார். கம்ப்யூட்டர் வந்தபின் குங்குமம் மானிட்டரின் ஓரத்துக்குப் போயிற்று. துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

2014 அக்டோபர் 2ஆம் தேதி பிரதமர் மோடி இதே வால்மீகி பஸ்திக்கு வந்து துடைப்பம் எடுத்துப் பெருக்கித் தூய்மை இந்தியா இயக்கத்தைத் தொடங்கினார். 2021 செப்டம்பரில் ஆயுஷ் அமைச்சகம் ஒய்-பிரேக் என்று ஒரு செயலியை விட்டது. நாற்காலியில் வேலை பார்க்கிறவர்கள் ஐந்து நிமிஷம் ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் செய்து மனசைப் புதுப்பித்துக்கொள்வதற்கு. நல்ல விஷயம்தான். என் மகளின் குர்காவ் கம்பெனியில் தியானத்துக்குத் தனி அறையே இருக்கிறது; பெரும்பாலும் போன் பேசத்தான் பயன்படுகிறது என்கிறாள்.

இந்தச் சாலையில் காலையில் பெருக்கும் ஓர் அம்மாளை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். பஸ்தியில்தான் வீடு. பெருக்கத் தொடங்குமுன் நீளக் கைப்பிடித் துடைப்பத்தை ஒரு தடவை தரையில் தட்டிவிட்டு, கையை நெற்றிக்குக் கொண்டுபோவார். நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தபோது அவரிடம் கேட்டேன்: "தீதி, வேலையைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவீர்களோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துடைப்பத்தைத் தட்டுவது ஈர்க்குகள் ஒரு சீராக நிற்பதற்கு. நெற்றிக்குக் கை போவது தலைப்பை இழுத்துவிடுவதற்கு. "கும்பிடறதெல்லாம் டியூட்டி முடிஞ்சு, குளிச்சு, புடவை மாத்திண்ட அப்புறம்தான். இதையும் அதையும் சேர்க்க மாட்டேன். இது சம்பளம்" என்றார். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். பி.காம். இரண்டாம் வருஷமாம். எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறானாம், ஸ்டெனோகிராஃபர் கிரேடு. வேகம் வரவில்லை என்று கவலைப்பட்டார். பையனைச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.